சோறு வைப்பவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர்

உங்கள் வீட்டு நாய்க்குத் தினமும் சோறு வைப்பவர் யார்? இதை வாசிக்கும் சகோதரிகள் ஒரு நிமிடம் நிறுத்தித் தமக்குள்ளேயே பதில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் "நான்தான்" அல்லது "அம்மாதான்" என்று வரும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அதே நாயின் படத்தை பேஸ்புக்கில் போடுபவர் யார்? குட்டி போட்டால் விலை சொல்பவர் யார்? அது யாரையாவது கடித்துவிட்டால் ஊரில் எழுந்து பேசுபவர் யார்? இதற்கான பதில் பல வீடுகளில் வேறாக இருக்கும்.

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் சமூகப் பணியாளராக நான் சுற்றத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பெண்களின் வேலை, வீட்டு வன்முறை, சம்பளம் என்று எத்தனையோ விடயங்களைப் படித்தோம். நாயும் பூனையும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரு சமூகத்தில் எந்தெந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதை ஒரு நாய் எனக்குக் காட்டித் தந்தது. அதன் பெயர் கருப்பி.

கருப்பியின் கதை

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவனை நாய் கடித்துவிட்டது. பின்னங்காலில் நல்ல காயம். பக்கத்துக் காம்பராவில் இருந்த பாட்டி "கோப்பித்தூளை அப்பு" என்றார். தாய் அதைக் கேட்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முச்சக்கரவண்டியில் பிள்ளையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். அங்கே டொக்டர் மூன்று கேள்விகள் கேட்டார். கடித்தது தெரிந்த நாயா? அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா? அதைக் கட்டி வைத்துக் கவனிக்க முடியுமா?

தாய்க்குப் பதில் தெரியவில்லை. கணவருக்குப் போன் பண்ணினார். கணவர் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் கேட்டார்.

தோட்டத்து இளைஞர்கள் தொடங்கிய குழு அது. மரண அறிவித்தல், தண்ணீர் வெட்டு, வேலை வாய்ப்பு, காணாமற்போன மாடு என எல்லாச் செய்தியும் அதில்தான் வரும். அன்றிரவு அந்தக் குழு நித்திரை கொள்ளவில்லை. ஒருவர் அது மற்ற டிவிஷனிலிருந்து வந்த நாய் என்றார். இன்னொருவர் வாயில் நுரை தள்ளியதைக் கண்டதாக எழுதினார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும், ஒரு வருடமாகத் தோட்டத்துப் பக்கமே வராத தம்பி ஒருவர், "எல்லா நாயையும் அடிச்சுப் போடணும்" என்று அங்கிருந்தே தீர்ப்பு வழங்கினார். குழுவை நடத்துபவரோ, "போன மாசம் நம்ம தோட்டத்து நாய் எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சு, பயப்பட ஒண்டுமில்ல" என்று உறுதியாக எழுதினார். ஊசி போடும் நாளை ஒழுங்கு செய்தவர்களில் அவரும் ஒருவர். இரவு பதினொரு மணியளவில், காலையில் இறைச்சியில் மருந்து வைப்பது என்று முடிவானது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெண்களின் சேமிப்புக் குழுக் கூட்டத்துக்காக நான் அங்கே போயிருந்தேன். கூட்டத்தில் ஒருவருக்கும் மனம் ஒட்டவில்லை. கடைசி லயத்தில் இருக்கும் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் மெதுவாக என்னிடம் வந்தார்.

"மிஸ், அது மத்த டிவிஷன் நாய் இல்ல. நம்ம கருப்பிதான். மூணு நாளைக்கு முந்திதான் வெறகுக் கொட்டாய்க்குப் பின்னால குட்டி போட்டுச்சு. புள்ள பந்தெடுக்கப் போயிருக்கான். குட்டிய எடுக்க வாறான்னு நெனச்சு கடிச்சிருச்சு. நொரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலையில கூட நான் சோறு வச்சேன், நல்லாத் தின்னுச்சு."

"ஊசி போட்டிருக்கிறதா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். ஊசிக்காரங்க வந்தப்ப நான் மலையில. அது என் கைக்குத்தான் வரும், வேற யாருக்கும் புடிபடாது."

"இதை ஏன் நேற்றே சொல்லவில்லை?"

"யாருகிட்ட சொல்றது? அந்தக் குரூப்புல நான் இல்லியே. போன் எங்க வீட்டுக்காரருகிட்டதான் இருக்கு."

இந்தப் பதிலை நான் இன்றும் மறக்கவில்லை. டொக்டருக்குத் தேவைப்பட்ட மூன்று பதில்களும் ஒரு பெண்ணிடம் இருந்தன. அவர் இல்லாத இடத்தில் ஓர் இரவு முழுவதும் ஆண்கள் அதே கேள்விகளுக்குப் பதில் தேடினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைக்காகப் பதறியவர்கள்தான். ஆனால் "எல்லா நாய்க்கும் ஊசி போட்டாச்சு" என்ற தவறான செய்தி ஆஸ்பத்திரிக்குப் போய், அதை நம்பிச் சிகிச்சை குறைக்கப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

விசர்நாய்க்கடி நோய் வந்தபின் பிழைப்பவர் மிக மிக அரிது. நோய் வராமல் தடுக்கத்தான் முடியும். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களால் பரவுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விசர் சந்தேகத்துக்குரிய மிருகங்களிடம் கடிபடுவோரில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். எமது நாட்டில் 1973 இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் இலவசமாக ஊசி போட்டதால்தான் அந்தத் தொகை அண்மைய ஆண்டுகளில் இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. அந்த ஊசி எந்த நாய்க்குப் போடப்பட்டது, எதற்குப் போடப்படவில்லை என்ற விபரம் ஓர் உயிரின் விலை பெறும்.

அந்த அக்காவின் மகள் உயர்தரம் படிப்பவர். அவரிடம் ஒரு போன் இருந்தது. அக்கா பேச, மகள் அதைக் குரல் பதிவாகக் குழுவுக்கு அனுப்பினார். அரை மணி நேரம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு யாரோ சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார். அதன் பின்னர் குழுவை நடத்தும் தம்பியே போன் பண்ணினார். "அக்கா, ஊசி போடலைங்கிறது நிச்சயமா?" என்று கேட்டார். பிள்ளையின் தகப்பன் உடனே டொக்டருக்கு அறிவித்தார். பிள்ளைக்கு ஊசிகளை முழுமையாகப் போட டொக்டர் முடிவு செய்தார். நாயைக் கொல்லாமல் கட்டி வைத்து இரண்டு வாரம் கவனிக்கும்படியும் சொன்னார். மருந்து வைக்கும் திட்டத்தைத் தலைவர் நிறுத்தினார். இரண்டு வாரமும் கருப்பி நல்ல சுகத்துடன் இருந்தது. பிள்ளையும் இன்று பந்து விளையாடுகிறான்.

போன் யாருடைய கையில்?

இது அந்த ஒரு தோட்டத்துக் கதை மட்டுமல்ல. லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் 2018 இல் இலங்கையில் செய்த கள ஆய்வின்படி, இணையத்தைப் பயன்படுத்திய பெண்களின் விகிதம் ஆண்களுடையதை விட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாக இருந்தது. 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் நமது லயங்களில் பலவற்றுக்குத் தொடுதிரைப் போன் வந்தது. பிள்ளையின் படிப்புக்காகத் தாய் அட்டியலை அடகு வைத்துப் போன் வாங்கினார். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறினார்கள். பாடசாலை திறந்ததும் அந்தப் போன் யாருடைய கைக்குப் போனது என்பதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம்.

போன் கையில் இருக்கும் பெண்ணுக்கும் நேரம் இல்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து, விறகோடு வீடு வந்து, இரவுச் சாப்பாடும் முடிந்த பின்தான் அவர் போனைத் தொடுகிறார். அப்போது ஆண்கள் எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார்கள். அவருக்கு வாசிக்க மட்டுமே மிச்சமிருக்கும்.

பிராணிப் பிரியர்களின் பக்கங்களில் நான் கண்டவை

கருப்பியின் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு ஓர் ஆர்வம் வந்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கென்று பேஸ்புக்கில் இருக்கும் தமிழ், சிங்களக் குழுக்கள் சிலவற்றில் சேர்ந்து, இரவில் கொஞ்ச நேரம் வாசித்து வந்தேன். கணக்கெடுப்பு எதுவும் நான் செய்யவில்லை. என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

விற்பனைப் பக்கங்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். லெப்ரடோர் குட்டி, ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி, புறா, லவ் பேர்ட்ஸ், சேவல், மீன். விலை, இனம், தாய் தகப்பனின் படம். "என் நாய்" என்ற சொல் அங்கே பெருமையோடு வருகிறது. என்ன தீனி போட வேண்டும், எப்படிப் பழக்க வேண்டும் என்று நீளமாகப் பாடம் நடத்துபவர்களிலும் ஆண்களே அதிகம்.

பெண்களின் பெயர்கள் வேறிடங்களில் தென்பட்டன. "இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, என்ன செய்யலாம்?", "பஸ் தரிப்பிடத்தில் மூன்று குட்டிகள் நனைந்துகொண்டிருக்கின்றன, யாராவது எடுப்பீர்களா?", "எங்கள் பூனை நேற்று இறந்துவிட்டது". அதன் கீழே ஆறுதல் சொல்லிய பெயர்களும் பெண்களுடையவையே. கேட்பது, தேடுவது, துக்கம் பகிர்வது, நன்றி சொல்வது ஆகியவை அவர்களின் பங்காக இருந்தன.

இன்னொன்றையும் கவனித்தேன். பெண் ஒருவர் தன் நாயின் படத்தைப் போட்டால் நாயைப் பற்றி மட்டும் கேள்வி வருவதில்லை. "இன்பொக்ஸ் வாங்க", "நம்பர் தாங்க" என்றும் வருகிறது. பதுளை நகரில் வேலை செய்யும் தங்கை ஒருவர் என்னிடம் சொன்னார்: "அக்கா, நான் என் பூனைப் படத்தைத் தம்பியின் கணக்கிலதான் போடுவேன். அப்பத்தான் நிம்மதி." படத்தை எடுத்தவரும் பூனையை வளர்ப்பவரும் அந்தத் தங்கைதான். உலகம் காண்பது அவரது தம்பியின் பெயரை.

ஆய்வாளர்கள் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். அமெரிக்க மொழியியல் ஆய்வாளர் சூசன் ஹெரிங் 1990களில் மின்னஞ்சல் வழியாக உரையாடிய குழுக்களை ஆராய்ந்தார். ஆண்கள் நீளமாகவும் உறுதியாகவும் எழுதுவதையும், பெண்கள் கேள்வியாகவும் ஆதரவாகவும் எழுதுவதையும் அவர் எடுத்துக் காட்டினார். முகம் தெரியாத இடத்தில் ஆண் பெண் பேதம் மறைந்துவிடும் என்று அன்று பலர் நம்பினார்கள். அப்படி மறையவில்லை.

அப்படியானால் பெண்களுக்குத்தான் பிராணிகளிடம் அன்பு அதிகமா? அமெரிக்க உளவியலாளர் ஹரோல்ட் ஹெர்சொக் 2007 இல் இது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வீட்டுப் பிராணியிடம் வைக்கும் பாசத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் சிறிதளவே என்பது அவர் கண்ட முடிவு. பிராணிகளின் பாதுகாப்புக்காக உழைப்போரில் பெண்கள் மிக அதிகம். வேட்டையாடுவோரிலும் வதை செய்வோரிலும் ஆண்கள் மிக அதிகம். ஆக மனதில் இருக்கும் பாசம் ஏறக்குறைய ஒன்று. அது எந்த வழியில் வெளிப்படலாம் என்பதில்தான் இருவருக்கும் வெவ்வேறு பாதை போடப்பட்டிருக்கிறது. பாதையைப் போட்டது இயற்கை மட்டுமல்ல, நாமும்தான்.

ஆண்களுக்கும் ஒரு பூட்டு

இதை ஆண்களைக் குறை சொல்லும் கட்டுரையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லுணுகலைப் பக்கத்தில் ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர், தன் ரொட்டியில் பாதியைப் பூனைகளுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். தோட்டத்தில் சிறுத்தை நாயைக் கொண்டுபோவது நமக்குப் புதிதல்ல. அப்படித் தன் நாயை இழந்த இளைஞர் ஒருவர், இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்ததை அவருடைய தாய் எனக்குச் சொன்னார். குழுவில் அவர் ஒரு வரியும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "நாய்க்கு அழுவுறான்னு சிரிப்பானுங்க மிஸ்" என்றார்.

பெண்ணுக்கு "உனக்கு இங்கே என்ன பேச்சு" என்று ஒரு பூட்டு. ஆணுக்கு "உனக்கு என்ன அழுகை" என்று இன்னொரு பூட்டு. இரண்டையும் பூட்டியவர்கள் நாமே.

பழைய கதைதான்

வேலை ஒருவர் கையில், பெயர் இன்னொருவர் கையில் என்பது நமது தோட்டங்களுக்குப் புதிதல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்ததே 1984 இல்தான். அதற்குப் பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவர் கைநீட்டி வாங்கிய வழக்கத்தை நம் தாய்மார் இன்றும் சொல்வார்கள். மாடு வளர்க்கும் வீடுகளைப் பாருங்கள். கொழுந்து முடித்து வரும்போது தலையில் புல்லுக் கட்டோடு வருபவர் பெண். பட்டி கூட்டுபவர் பெண். நான் பார்த்த வீடுகள் பலவற்றில் பால் காசுப் புத்தகத்தில் இருந்த பெயர் ஆணுடையது.

வெளியுலகத்திலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1867 இல் மிருகவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று உருவாகக் கரோலின் ஏர்ல் வைற் என்ற பெண் முன்னின்று உழைத்தார். பெண் என்பதால் அதன் நிர்வாகக் குழுவில் அவருக்கு இடமில்லை. அவருடைய கணவர் அதில் அமர்ந்தார். 1869 இல் பெண்கள் தமக்கென ஒரு கிளையைத் தொடங்கினார்கள். கரோலின் அதற்குத் தலைமை தாங்கினார். தெருநாய்களுக்கு ஒரு காப்பகத்தை அமைத்ததும் அந்தப் பெண்கள்தான்.

நமக்கு அருகில் தமிழ்நாட்டில், பரத நாட்டியத்தால் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் இருந்தார். இந்திய மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, மிருகவதைத் தடுப்புக்காக அவர் தொடங்கிய முயற்சியே 1960 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962 இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. எமது நாட்டில் கண்டியில் சம்பா பெர்னாண்டோவும், 2007 இல் 'எம்பார்க்' அமைப்பைத் தொடங்கிய ஒட்டாரா குணவர்தனவும் தெருநாய்களுக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்கள். விசர்நாய்க்கடியைத் தடுப்பதற்காகத் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006 இல் இங்கு கைவிடப்பட்டு, ஊசியும் கருத்தடையுமே வழி என்று ஆனது. பெண்கள் பேசத் தொடங்கினால் கேட்கப்படும் என்பதற்கு இவர்கள் சாட்சி. ஆனால் பெயரும் வசதியும் படைத்த பெண்கள் பேசுவது ஒன்று. கடைசி லயத்து அக்கா பேசுவது இன்னொன்று. அவர் பேசுவதற்கான இடத்தை நாம்தான் ஆக்கிக் கொடுக்க வேண்டும்.

குட்டிகளுக்கு என்ன நடந்தது?

கருப்பி போட்டவை ஐந்து குட்டிகள். இரண்டு வாரமும் கருப்பி நல்ல சுகத்துடன் கழித்த பின், அக்காவின் மகன் அவற்றைப் படம் பிடித்து, "எங்கள் குட்டிகள், வேண்டியவர்கள் தொடர்புகொள்ளவும்" என்று போட்டார். நல்ல வரவேற்பு. வந்த அழைப்பு எல்லாவற்றிலும் முதற் கேள்வி ஒன்றுதான்: "கடுவனா?" கண் திறந்து, பால் மறந்த பின் மூன்று கடுவன் குட்டிகளும் போய்விட்டன. பெட்டைகள் இரண்டும் பெட்டியிலேயே இருந்தன.

"பொட்டைக் குட்டின்னா யாருக்கும் வேணாம் மிஸ். தேயிலைக்குள்ள கொண்டுபோய் விட்டுருன்னு சொல்றாங்க" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொட்டையா பொறந்தா நாய்க்கும் இதே கதிதான்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டைக் குட்டிகளைத் தேயிலைக்குள்ளும், சந்தையிலும், கோயில் வாசலிலும் விடுவதால் நாய்த் தொகை குறைவதில்லை. பசித்த, ஊசி போடாத, மனிதருக்குப் பழகாத நாய்கள்தான் பெருகுகின்றன. அவை நாளை நம் பிள்ளையின் காலைத்தான் கடிக்கும். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்தால் அந்தப் பிரச்சினைக்குத் தீர்வு உண்டு. ஒரு குட்டியை அக்கா வைத்துக்கொண்டார். மற்றதை, கடிபட்ட சிறுவனின் தாய் வந்து கேட்டு வாங்கிப் போனார். அதை நானே கண்ணால் கண்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

நாய் கடித்தால் முதலில் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்துக் கவனியுங்கள். அது சுகமாக இருக்கிறதா என்பதே டொக்டருக்குப் பெரிய தகவல்.

உங்கள் தோட்டத்தில் வட்ஸ்அப் குழு இருந்தால், அதில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். குழுவை நடத்துபவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எழுத வராது என்று தயங்க வேண்டாம். குரலில் பேசி அனுப்பலாம். ஒரு நிமிடம் போதும்.

பிராணிகளின் படங்களைப் போடும்போது வீட்டு முகவரி, பாடசாலைச் சீருடை ஆகியவை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி வாங்குவதற்கு முன்பின் தெரியாதவருக்கு முற்பணம் அனுப்ப வேண்டாம். தவறான செய்தி அனுப்பித் தொல்லை தருபவர் இருந்தால் அதை அழிக்காமல் சேமித்து வையுங்கள். உதவிக்கு 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழையுங்கள். தொல்லை தந்தவர் வெட்கப்படட்டும். நீங்கள் ஏன் ஒதுங்க வேண்டும்?

வீட்டிலே மகன் நாய்க்காக அழுதால் சிரிக்காதீர்கள். மகள் நாயைப் பற்றிப் பேசினால் நிறுத்தாதீர்கள். நாய்க்குச் சோறு வைக்கும் வேலையை மகனுக்கும் கொடுங்கள். அந்த நாயைப் பற்றி எழுதும் உரிமையை மகளுக்கும் கொடுங்கள்.

ஏட்டில் ஒரு பெயர்

கருப்பி கடித்த பிறகு எங்கள் சேமிப்புக் குழுப் பெண்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். அடுத்த முறை ஊசி போடுவதை வேலை நாளில் பகலில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கும்படி கேட்டார்கள். அதைக் குழுவில் அறிவித்தால் மட்டும் போதாது, பெரட்டிலும் சொல்ல வேண்டும் என்றும் எழுதினார்கள். கேட்டது கிடைத்தது.

அன்று காலை கொழுந்து மடுவத்தின் முன்னால் கூடிய கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பழைய சேலைத் துண்டில் கட்டிய நாய், சாக்குக்குள் தலையை நீட்டிய பூனை, மகளின் தோளில் ஒரு குட்டி. முன்பு யாருக்கும் பிடிபடாத நாய்கள் பல, தமக்குச் சோறு வைக்கும் கைக்குப் பின்னால் பேசாமல் வந்து நின்றன. கருப்பியும் வந்தது.

ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் தலை நிமிராமல், "உரிமையாளர் பெயர்?" என்று கேட்டார். அக்கா பழக்கத்தில் பின்னால் திரும்பிக் கணவரைத் தேடினார். அவர் அங்கே இல்லை, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கணம் தயங்கி, பிறகு தன் பெயரைச் சொன்னார். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். கருப்பிக்கு ஊசி போடப்பட்டது.

சின்ன விடயம்தான். ஆனால் இனி ஒரு நாள் அந்த நாயைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிய வேண்டியிருந்தால், யாரிடம் கேட்க வேண்டும் என்பது அந்த ஏட்டில் இருக்கிறது. உங்கள் தோட்டத்து ஏட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, சகோதரி? அடுத்த முறை போய்ப் பாருங்கள்.